ஆறு அறைகளும் ஒரு குழலும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்திலே, ஒரே பாறையைக் குடைந்து பல சிறு தூண்களாகப் பிரித்து நிறுத்தியிருக்கும் இசைத் தூண்களைச் சிறுவயதில் தட்டித் தட்டிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு பொருள் செம்மையாகச் செய்யப்பட்டதா, அரைகுறையாகச் செய்யப்பட்டதா என்பதைக் கண்ணுக்கு முன்பே காது அறிந்துவிடும் என்ற சங்கதி யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அந்தப் பழக்கத்தினால்தானோ என்னவோ, எங்கள் தெருவில் குடியிருக்கும் தோட்டக்கார அண்ணாச்சி ஒருவர், மூன்று வருஷம் அலைந்து உரிமம் பெற்று வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கி வந்த ரிவால்வரை, வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை திறந்து காட்டிவிட்டு, அதன் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்தபோது, நான் அதன் மினுமினுப்பைப் பார்ப்பதை விட்டு அதன் சப்தத்தையே கவனித்தேன். ஆறு முறை இழுத்தார். ஆறு முறையும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை. நான்கு முறை 'டக்' என்று உறுதியாக விழுந்த ஒலி, இரண்டு முறை தயங்கிப் பிந்தி வந்தது.

அந்தத் துப்பாக்கி எந்த ஆலையில் செய்யப்பட்டது, உள்நாட்டதா அயல்நாட்டதா என்பதை இங்கே எழுத நான் விரும்பவில்லை. ஒரு பொருளை வைத்து ஓர் ஆலையை எடைபோடுவது நியாயமன்று. ஆனால், மலையடிவாரத்துத் தோட்டத்திலிருந்து ரொக்கத்தோடு இருட்டில் திரும்ப வேண்டிய மனிதர், ஒருமுறை வழிமறிக்கப்பட்டபின், உயிருக்குக் காவல் என்று நம்பி, ஓர் ஏக்கர் வாழையின் பல வருஷத்து லாபத்தைக் கொட்டி வாங்கிய பொருள் அது என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில வாரங்கள் கழித்து, பக்கத்து மாவட்டத்து ரைபிள் கிளப் ஒன்றின் பயிற்சித் திடலில், முறையான அனுமதியோடும் மேற்பார்வையோடும் அதைச் சுட்டுப் பார்த்தபோது நானும் உடனிருந்தேன். பதினைந்து மீட்டர் தூரத்தில் அட்டை, ஆறு தோட்டாக்கள். முதல் குண்டு குறிக்கு ஒரு சாண் கீழே இறங்கியது, இரண்டாவது இடப்புறம் ஓடியது, மூன்றாவது வெடிக்கவேயில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் பின்புறத்து மூடியில் நகத்தால் கீறியதைப் போல ஒரு மெல்லிய பள்ளம் மட்டும் இருந்தது. ஐந்தாவது வெடித்த கணத்தில், பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்ற இளைஞன் ஒருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். சட்டைக் கையில், கத்தி முனையால் தொட்டதுபோல் சிறு கிழிசல். அதில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு துணுக்கு ஈயம். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தோம். விழுந்திருந்த துவாரங்களில் ஒன்று வட்டமாக இல்லை. குண்டு குப்புற விழுந்து படுத்தபடியே நுழைந்திருந்ததால், பழைய காலத்துச் சாவித் துவாரம்போல நீண்டிருந்தது.

"கை நடுங்கிட்டோ என்னவோ" என்று அண்ணாச்சி தம்மையே நொந்துகொண்டார். திடலைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர், காவல்துறையில் பல்லாண்டு ஆயுதப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவர், ஒரு வார்த்தையும் சொல்லாமல் ரிவால்வரை வாங்கி, மணல் மூட்டையின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, அதே தோட்டாக்களில் ஆறைச் சுட்டார். அட்டையில் அதே சிதறல். பின்னர் தம் கிளப்பின் பழைய ரிவால்வரால் அதே இடத்திலிருந்து ஆறு சுட்டார்; ஆறும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. "கையில குறையில்ல அண்ணாச்சி, சாமான்லதான் குறை" என்றார். திரும்பி வரும்போது காரில் நெடுநேரம் பேசாமலிருந்த அண்ணாச்சி, தோவாளை தாண்டியபின், "இத நம்பில்லாடே ராத்திரி தலமாட்டுல வச்சுக் கெடந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குறைதான் என்ன என்பதை அறிய, ரிவால்வர் என்னும் யந்திரத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா கிடக்கும் அறையும், குண்டு ஓடும் குழலும் ஒரே இரும்பின் இரண்டு பாகங்கள். அவை ஒன்றையொன்று விட்டு விலக வழியில்லை. ரிவால்வரிலோ குழல் ஒன்று, அறைகள் ஆறு. அந்த ஆறும் ஓர் உருளையில் வட்டமாகத் துளையிடப்பட்டு, விசையை இழுக்குந்தோறும் அல்லது சுத்தியலைப் பின்னுக்கு வாங்குந்தோறும், உள்ளேயிருக்கும் ஒரு சிறு இரும்புக் கை உருளையை ஆறில் ஒரு பங்கு சுழற்ற, அடியிலிருந்து ஒரு தாழ் எழுந்து உருளையின் பள்ளத்தில் பொருந்தி அதை அசையாமல் நிறுத்த, அந்தக் கணத்தில் மேலே வந்து நிற்கும் அறை குழலின் வாய்க்கு நேராக, மயிரிழையும் பிசகாமல் நின்றாக வேண்டும். ஒரே ஓர் அறை நேராக நின்றால் போதாது. ஆறும் முறைவைத்து நேராக நிற்க வேண்டும். ஒரு கோயில் வாசலுக்கு ஆறு கதவுகளைச் செய்து, எந்தக் கதவைக் கொண்டுவந்து மாட்டினாலும் இடுக்கில்லாமல் பொருந்த வேண்டும் என்று தச்சனிடம் கேட்பதற்கு இது ஒப்பாகும்.

தாழ் பிந்தி விழுந்தாலும், அதன் பள்ளம் தேய்ந்திருந்தாலும், துளைகள் ஒன்றுக்கொன்று அரை நூல் தள்ளியிருந்தாலும், குண்டு அறையைவிட்டுக் குழலுக்குள் பாயும்போது வாயின் விளிம்பில் மோதுகிறது. மெத்தென்ற ஈயம் ஒருபுறம் சீவப்பட்டு, உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி வழியே பக்கவாட்டில் தெறிக்கிறது. அந்த இளைஞனின் சட்டையைக் கிழித்தது அந்தச் சீவல்தான். ஒருபுறம் குறைந்த குண்டு, சுழலும்போது சமநிலை தப்பித் தள்ளாடும். குழலின் உட்புறத்து மரைகள் ஆழமின்றி வெட்டப்பட்டிருந்தால் போதிய சுழற்சியும் கிடைக்காமல், காற்றில் குட்டிக்கரணம் போடும். வெடிக்காத தோட்டாவுக்குக் காரணம் வேறு: சுத்தியலை ஓட்டும் வில் வலுவற்றதாயிருந்தாலோ, சுத்தியலின் முனை குட்டையாயிருந்தாலோ, மூடியின்மேல் விழும் அடி போதாமற் போகிறது. வில்லை வலுவாக்கினாலோ விசை கனத்துப்போய், அதை இழுக்கும் முயற்சியிலேயே கை ஆடிக் குறி தவறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைக் கண்டுபிடிப்பதும், உரசும் பரப்புகளைப் பளிங்குபோல் தேய்த்து மெருகூட்டுவதும்தான் நல்ல தொழிலாளியின் சாமர்த்தியம். அண்ணாச்சியின் ரிவால்வரைப் பிரித்துக் காட்டியபோது, வெளியே கண்ணாடிபோல் பளபளத்த அந்த இரும்பின் உட்புறத்தில், அரத்தின் வரிகள் உழுத வயல்போல் அப்படியே கிடந்ததை நான் பார்த்தேன். யாரும் பார்க்காத இடம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

இந்தக் குறைகள் ஒரு தேசத்துக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியவை அல்ல. ரிவால்வரை உலகெங்கும் பரப்பிய சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கரே, 1847ஆம் ஆண்டு வாக்கர் என்ற படைத்தலைவரின் யோசனைப்படி நான்கரை ராத்தல் எடையுள்ள ஒரு பெருந்துப்பாக்கியைச் செய்து அரசாங்கத்துக்குக் கொடுத்தபோது, அக்காலத்து இரும்பு அவ்வளவு மருந்தின் வேகத்தைத் தாங்க மாட்டாமல் உருளைகள் பல வெடித்துப் பிளந்தன. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொந்த ஆயுதச் சாலையான என்ஃபீல்டில் 1880இல் வெளிவந்த ரிவால்வர், சுட்ட தோட்டாக் கூடுகளை ஒரே இழுப்பில் உதிர்க்கும் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அடியிலிருந்த கூடு உதிராமல் சிக்கிக்கொண்டு, ஆபத்துவேளையில் சிப்பாயை நிராயுதபாணியாக்கியது. ஏழே வருஷத்தில், 1887இல், அதை ஒதுக்கிவிட்டு வெப்லி ரிவால்வரை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அதே என்ஃபீல்டு செய்த இன்னொரு ரிவால்வரில், டாங்கிப் படையினரின் உடுப்பில் மாட்டிக்கொள்கிறது என்பதற்காக 1938இல் சுத்தியலின் வாலையே வெட்டிவிட்டார்கள். சுத்தியலை முன்கூட்டியே வாங்கி வைத்து மெல்லிய விசையால் நிதானமாகச் சுடும் வசதி அதனால் போயிற்று. ஒவ்வொரு முறையும் முழுக் கனத்தையும் விரலால் இழுக்க வேண்டிய அந்தத் துப்பாக்கி, குறி தவறுவதற்குப் பேர்போனதாயிற்று. முதல் உலக யுத்தத்தின் அவசரத்தில், ஸ்பெயின் தேசத்து எய்பார் நகரப் பட்டறைகளிலிருந்து பிரிட்டனும் பிரான்ஸும் ரிவால்வர்களை வாங்கின. வெளித்தோற்றத்தில் அமெரிக்க ஸ்மித் வெஸ்ஸனையே உரித்து வைத்தாற்போன்ற அந்நகரத்து மலிவு நகல்கள் பலவற்றில் இரும்புதான் மென்மையாயிருந்தது. தோற்றத்தை நகலெடுப்பது சுலபம். இரும்பைப் பதப்படுத்தும் பக்குவத்தை அப்படி நகலெடுக்க முடியாது.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு இந்தப் பாடம் புதியதன்று. குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மருக்கு ஊழியராகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையிலே வார்ப்படச் சாலை வைத்துப் பீரங்கிகளை வார்த்தபோது, நமது கொல்லர்களும் கன்னார்களும் அதில் கைகொடுத்தவர்களே. ஆயுதத்தின் உட்புறத்தில் விட்ட குறை ஆயுதக்காரனையே கொல்லும் என்பதை வார்ப்படத் தொழிலாளிக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியாவில் தனிமனிதர் ரிவால்வர் வைத்திருப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கண்டிப்பான கட்டுக்குள் இருக்கிறது. அப்படி இருப்பதே நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம். படைகளும் போலீசும் பயன்படுத்தும் அளவுத் தோட்டாக்கள் பொதுஜனங்களுக்கு விலக்கப்பட்டிருப்பதால், உரிமம் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது .32 அங்குல ரகந்தான். 1980களில் அயல்நாட்டு இறக்குமதி அடைபட்டபின், தாத்தா காலத்து வெப்லிகள் பொன்விலைக்குக் கைமாறின; உள்நாட்டில் நெடுங்காலம் அரசாங்க ஆயுதச் சாலைகளே செய்துவந்தன. 2014இல் கான்பூர்ச் சாலை, பெண்களின் தற்காப்புக்கென்று 'நிர்பீக்' என்ற அரைக் கிலோ எடையுள்ள ரிவால்வரை 1,22,360 ரூபாய் விலையில் வெளியிட்டபோது, ஒரு சாதாரணப் பெண்ணின் பல மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட அந்த விலையைப் பற்றியும், துப்பாக்கியால் பெண்ணுக்குப் பாதுகாப்பு வருமா என்பதைப் பற்றியும் தேசமெங்கும் வாதம் நடந்தது. 2023இல் 'பிரபல்' என்ற பெயரில், உருளை பக்கவாட்டில் திறக்கும் புதிய ரிவால்வர் வந்திருக்கிறது. தனியாரும் இப்போது இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள்.

ஆனால் வாங்குகிறவன் அறியாத இன்னொரு விஷயம் உண்டு. உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. ஆதலால் ஒருவரும் பழகுவதில்லை. தேர்தல் வந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலே ஒப்படைக்க வேண்டும். இரண்டு மழைக்காலங்களும் உப்புக் காற்றும் சேர்ந்த நம் ஜில்லாவில், எண்ணெய் காணாத இரும்பு ஒரு பருவத்தில் பூத்துவிடும். வருஷக்கணக்கில் இழுப்பறையில் கிடக்கும் தோட்டாவின் கதி என்ன ஆகும் என்பதற்கோ, தமிழகம் முழுவதும் அறிந்த திருஷ்டாந்தமே இருக்கிறது.

1967 ஜனவரி 12ஆம் தேதி மாலை, சென்னை ராமாவரம் தோட்டத்து வீட்டில், நடிகவேள் எம். ஆர். ராதா தம் ரிவால்வரால் எம்.ஜி.ஆரைக் கழுத்தருகே சுட்டு, பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். கைக்கெட்டும் தூரம், குண்டு பாய்ந்தது உயிர்நிலைக்கு அருகே, என்றாலும் இருவரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு படுத்திருந்த எம்.ஜி.ஆரின் புகைப்படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டதும், அடுத்த மாதத் தேர்தலில் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றதும், அவர் குரல் பழைய தெளிவை இழந்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வளவு அருகில் சுடப்பட்ட குண்டு ஏன் கொல்லவில்லை என்பதற்குத் தடய அறிவியல் நிபுணர் பி. சந்திரசேகரன் கூறிய விளக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. அந்தத் தோட்டாக்கள் வாங்கிப் பல வருஷங்கள் ஆனவை. மேஜை இழுப்பறையிலே கிடந்து, அது திறக்கப்படும்போதும் மூடப்படும்போதும் உருண்டு ஒன்றோடொன்று உரசி உரசி, நாளடைவில் தம் வலிமையை இழந்துவிட்டிருந்தன என்றார் அவர். இழுப்பறையைத் திறந்து மூடிய கை ஒவ்வொன்றும், தான் அறியாமலே ஓர் உயிருக்கு, இல்லை, இரண்டு உயிர்களுக்குக் காவலிருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு ஜனவரியை நினைக்காமலிருக்க முடியவில்லை. 1948 ஜனவரி 20ஆம் தேதி காலை, புது டில்லியில் ஹிந்து மஹாசபா பவனுக்குப் பின்புறத்துக் காட்டில், காந்தியடிகளைக் கொல்லச் சதி செய்தவர்களில் நான்கு பேர் இரண்டு ரிவால்வர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவனான திகம்பர் பாட்கே, பின்பு அப்ரூவராக மாறிச் செங்கோட்டை நீதிமன்றத்தில் அளித்த சாட்சியத்தின்படி, கோபால் கோட்ஸே கொண்டுவந்த ரிவால்வரின் உருளை சரிவர வெளியே வரவில்லை. மற்றொன்றை மரத்தைக் குறிவைத்துச் சுட்டபோது குண்டு மரத்தை எட்டாமல் நடுவழியிலேயே விழுந்தது. எண்ணெயும் பேனாக் கத்தியும் கொண்டு உட்கார்ந்து பழுதுபார்க்கும்போதே வனக் காவலர் அவ்வழியே வர, எல்லாவற்றையும் மறைத்தார்கள். அன்று மாலை பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மதன்லால் பஹ்வா வைத்த வெடி வெடித்தது. ஆனால் மற்றவர்கள் யாரும் சுடவில்லை. துணிவு தவறியது ஒரு காரணம். கையிலிருந்த ஆயுதத்தில் நம்பிக்கை இல்லாமற் போனதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குக் காந்தியடிகள் பிரார்த்தனையைத் தொடர்ந்தார்.

மதன்லால் அந்த இடத்திலேயே பிடிபட்டான். பழுதான இரண்டு துப்பாக்கிகள் இந்தத் தேசத்துக்குப் பத்து நாட்களை ஈந்தன. அந்தப் பத்து நாட்களில் அரசாங்கமும் போலீசும் என்ன செய்தன, என்ன செய்யாமல் விட்டன என்பதை ஆராயப் பிற்பாடு நீதிபதி கபூர் தலைமையில் ஒரு கமிஷனையே நியமிக்க வேண்டி வந்தது. அதன் அறிக்கை 1969இல் வந்தது. இடையே, 28ஆம் தேதி குவாலியரில், நாதுராம் கோட்ஸேயின் கைக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. அது ரிவால்வர் அன்று. இத்தாலி தேசத்துப் பெரெட்டா, தோட்டாக்களைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல். அதில் உருளை இல்லை. நேராக நிற்க வேண்டிய ஆறு அறைகளும் இல்லை. 30ஆம் தேதி மாலை ஐந்து மணி பதினேழு நிமிஷத்துக்கு அது மூன்று முறை சுட்டது, மூன்றும் தவறவில்லை. இதை எழுதும்போது என் கை நின்றுவிடுகிறது. நல்ல வேலைப்பாட்டைப் புகழ்ந்து இத்தனை பக்கம் எழுதியவனுக்கு, அந்தப் பெரெட்டாவிலும் ஓர் அரத்தின் வரி மிஞ்சியிருக்கக்கூடாதா, ஒரு வில் தளர்ந்திருக்கக்கூடாதா என்றே மனம் அடித்துக்கொள்கிறது.

காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பாகம் 1948 பிப்ரவரி 12இல் கன்யாகுமரிக் கடலில் கரைக்கப்பட்டது. கரைப்பதற்கு முன் கலசத்தை ஜனங்களின் தரிசனத்துக்கு வைத்த இடத்தில், 1956இல் எழும்பியது காந்தி மண்டபம். சுசீந்திரத்துக்கு அது தூரமில்லை. பஸ்ஸில் அரைமணி நேரம். எங்கள் ஊர்க் கோயில் வீதிகளில் எல்லா ஜாதியாரும் நடக்க வேண்டும் என்று 1926இல் தொடங்கிய சத்தியாக்கிரகம் அவர் காட்டிய வழியில் நடந்ததாகையால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மண்டபத்தோடு ஒரு தனிப்பட்ட பாத்தியதை உண்டு.

சென்ற அக்டோபர் 2ஆம் தேதி அண்ணாச்சியும் நானும் அங்கே போனோம். உரிமத்தை அவர் புதுப்பிக்கவில்லை. ரிவால்வரைச் சட்டப்படி வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, இருட்டுவதற்குள் தோட்டத்திலிருந்து திரும்பிவிடுவது என்றும், ரொக்கத்தைப் பாங்கிலேயே கட்டிவிடுவது என்றும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மண்டபத்தின் கூரையில், அந்தத் தினத்து நண்பகலில் சூரியனின் கிரணம் கலசம் வைத்த இடத்தில் விழும்படி ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். காலை முழுவதும் வடகிழக்கில் மேகம். கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிவாக்கில் மேகம் விலக, வெள்ளி நாணயம்போல் ஓர் ஒளிவட்டம் சுவரைத் தொட்டு, மெல்ல இறங்கி, தரையைக் கடந்து, பீடத்தின்மேல் வந்து நின்றது.

அண்ணாச்சி கூரையையும் பீடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஓட்ட வச்சவன் கணக்கு தப்பல பாத்தியாடே" என்றார். நாங்கள் ஒளி நகர்ந்து போகும்வரை அங்கேயே நின்றோம்.